ஜோல்னா என்ற சொல் வந்த வழி

தமிழ்ப் பத்திரிகைகளில் எழுத்தாளரையோ கட்சி ஊழியரையோ கோட்டோவியமாக வரைபவர்கள் நீண்ட காலமாக இரண்டு அடையாளங்களை நம்பி வந்திருக்கிறார்கள்: தாடி, ஜோல்னாப் பை. தாடி யாருக்கும் வளரும். பை அப்படியல்ல; அதைத் தோளில் மாட்டியதும் ஆளுக்கு ஒரு கொள்கையும் கொஞ்சம் வறுமையும் நிறையப் படிப்பும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு துணிப்பைக்கு இத்தனை பொருள் எப்படி ஏறியது, ‘ஜோல்னா’ என்ற ஒலி எங்கிருந்து தமிழுக்கு வந்தது என்ற இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. சொல்லின் வழியைப் பிடித்தால் பொருளின் வழியும் பாதி தெரிந்துவிடும்.

முதலில் பையைப் பார்ப்போம். பழைய முறையில் தைத்த ஜோல்னாவுக்கு இரண்டே துண்டுத் துணி போதும். அகலமான துண்டு ஒன்று பையின் முன்புறமும் பின்புறமும் ஆகிறது. நீண்ட பட்டை ஒன்று இரு பக்கவாட்டிலும் ஓடி மேலே எழுந்து தோள்வாராகச் சேர்ந்துகொள்கிறது. தனியாகப் பிடி கிடையாது, பித்தான் கிடையாது, பல பைகளில் வாயை மூடும் மடிப்புக்கூடக் கிடையாது. பையின் பக்கமே வாராக நீள்வதால் உள்ளே வைக்கும் சுமை தையலை இழுக்காமல் பட்டையின் நீளத்தில் இறங்குகிறது. பை இடுப்பருகே தொங்கி, நடக்கும்போது ஆடுகிறது. கைகள் இரண்டும் ஓய்வாக இருக்கின்றன. தாய்லாந்தின் பௌத்தத் துறவிகள் மாட்டும் ‘யாம்’ என்ற பையும், பர்மாவின் ஷான் மாநிலத்துத் தோள்பையும் ஏறக்குறைய இதே வெட்டுதான். நெடுந்தொலைவு நடப்பவன், கையில் கோலோ ஓடோ பிடித்திருப்பவன், நின்ற இடத்தில் எதையாவது வாங்கிப் போட்டுக்கொள்பவன் என்று மூவருக்கும் பொருந்தும் பை இது. இந்தத் தொங்கலும் ஆட்டமும்தான் பெயரின் கரு.

வடஇந்திய மொழிகளில் இந்தப் பைக்கு வழங்கும் பெயர் இந்தியில் ஜோலா, சிறியதானால் ஜோலி; நேபாளியில் ஜோலா; வங்காளியில் ஜோலா, ஜுலி; மராத்தியில் ஜோளி; குஜராத்தியில் ஜோளி, ஜோளோ. எல்லாவற்றிலும் முதலெழுத்து மூச்சோடு ஒலிக்கும் ‘ஜ’. இதன் அருகிலேயே ஊசலைக் குறிக்கும் ‘ஜூலா’வும், ஊசலாடுவதைக் குறிக்கும் ‘ஜூல்னா’வும் இருக்கின்றன. வங்காளியில் ஜோலா என்றால் பையும் உண்டு, தொங்குதல் என்ற வினையும் உண்டு. இந்தியில் ‘ஜோல்’ என்பது துணியின் தொய்வு. அதுவே குழம்பின் சாற்றுக்கும் பெயர். வங்காளியில் நீர்த்த வெல்லப்பாகை ‘ஜோலா குட்’ என்கிறார்கள். இறுக்கமில்லாதது, தளர்ந்தது, தொங்குவது என்ற ஒரே எண்ணம் இத்தனை பொருள்களையும் கட்டி வைத்திருக்கிறது. இவற்றில் பை ஒரு கிளை. தொட்டில் இன்னொரு கிளை. மராத்தியில் பிச்சைப் பையும் ஜோளிதான், குழந்தையைத் துணியில் இட்டுத் தொங்கவிடும் ஏணையும் ஜோளிதான்.

இந்தியில் ஜோலி என்பது மடியையும் குறிக்கும். ஜோலியை விரித்தல் என்றால் முந்தானையையோ மேல்துண்டின் முனையையோ ஏந்தி வேண்டுதல். ஜோலி நிரம்புதல் என்றால் வேண்டியது கிடைத்தல். நம் பெண்கள் கோயில் வாசலில் ஏந்தும் மடிப்பிச்சை அப்படியே இந்த இடத்தில் வந்து நிற்கிறது. தைத்த பைக்கு முந்தியது மடித்த துணி என்பதைச் சொல்ல இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இதற்குக் கீழே தோண்டினால் தரை கெட்டியாக இல்லை. பிற்காலச் சமஸ்கிருத அகராதிகளில் வெற்றிலைபாக்கு வைக்கும் சிறு பைக்கு ‘ஜௌலிகம்’ என்றொரு சொல் உண்டு. ஆனால் மூச்சொலி ‘ஜ’வில் தொடங்கும் சொற்கள் சமஸ்கிருதத்தில் மிகக் குறைவு. இருப்பவையும் பெரும்பாலும் ஒலிக்குறிப்புச் சொற்கள், அல்லது மக்கள் பேச்சிலிருந்து ஏட்டுக்கு ஏறியவை. ரால்ஃப் டர்னர் 1960களில் வெளியிட்ட இந்தோ-ஆரிய ஒப்பீட்டகராதியில் இந்தப் பைச்சொல்லின் மூலத்தை உடுக்குறி இட்டு, அதாவது ஏட்டில் காணாத, ஊகித்து அமைத்த வடிவமாகவே தருகிறார். ஆகவே ‘ஜௌலிக’த்திலிருந்து ஜோலா பிறந்தது என்று சொல்வதைவிட, ஊர்ப்பேச்சில் இருந்த ஜோலாவைப் பண்டிதர்கள் ஜௌலிகமாக உடுத்திவிட்டார்கள் என்று சொல்வதே பொருத்தம். வடசொல் அகராதியில் இருப்பதாலேயே ஒரு சொல் வடமொழியில் பிறந்ததாகிவிடாது.

அப்படியானால் அது தெற்கிலிருந்து போனதா? இந்தக் கேள்வியைத் தமிழில் எழுதும் எவரும் தாண்டிப் போக முடியாது. கன்னடத்தில் ‘ஜோலு’ என்றால் தொங்கு, சாய். வாடித் தொங்கிய முகத்தை ‘ஜோலு மோரெ’ என்கிறார்கள். துறவியின் பிச்சைப் பை அங்கே ‘ஜோளிகெ’. தெலுங்கில் பிச்சைப் பை ‘ஜோலெ’, தாலாட்டு ‘ஜோல’. தமிழில் ‘ஞாலுதல்’ என்றால் தொங்குதல். அதுவே பின்னர் ‘நாலுதல்’ ஆயிற்று. தூக்கிட்டு இறப்பதை ‘நான்றுகொள்ளுதல்’ என்று சொல்வதும் இதிலிருந்துதான். ஞாலம் என்ற உலகப்பெயரையே இந்த வேரிலிருந்து விளக்குபவர்கள் உண்டு. ஞால், ஜோல் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ‘நம்முடையதுதான்’ என்று சொல்லிவிட ஆசை எழுகிறது.

ஆனால் ஒலி ஒத்துப்போவது மட்டும் உறவாகாது. தமிழின் ‘ஞா’ கன்னடத்தில் எப்படி மாறும் என்பதற்கு ஒழுங்கு உண்டு. ஞாயிறு அங்கே நேசறு. ஞாண் அங்கே நேணு. அதே ஒழுங்கில் ஞால் அங்கே ‘நேலு’ ஆகியிருக்கிறது. தொங்கு என்ற பொருளிலேயே இன்றும் இருக்கிறது. ஆக ஞாலின் இடம் கன்னடத்தில் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. ஜோலு வேறு ஒன்று. அது கன்னடத்தின் சொந்த ஒலிக்குறிப்பாக இருக்கலாம், பிராகிருத வழியில் வந்ததாகவும் இருக்கலாம். எப்படியானாலும் ஞால் வழியாகத் தமிழுக்கு உரிமை கேட்பது நிற்காது. நம் மொழியின் மீது பற்றுள்ளவர்கள்தான் இந்த இடத்தில் கூடுதல் கண்டிப்போடு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஞாயிறு, ஞாண், ஞால் என்ற மூன்றும் கன்னடத்தில் ஒரே தடத்தில் நடந்திருப்பது திராவிட ஒப்பியலின் அழகான பக்கம்; ஜோல்னாவை இழுத்துவந்து அதன்மேல் போட்டால் அந்தப் பக்கமே கசங்கிவிடும்.

இதைவிடச் சிறிய ஊகங்கள் இரண்டையும் தீர்த்துவிடலாம். ‘தோள்’ திரிந்து ஜோல் ஆனது என்றால், சொல்லின் தொடக்கத்தில் உள்ள தகரம் ஜகரமாவதற்குத் தமிழில் வேறு இணை வேண்டும், அது இல்லை. ஆங்கிலத்தின் ஷோல்டர் என்ற சொல்லோடு முடிச்சுப் போட்டால், ஆங்கிலேயர் கால் வைக்காத காலத்திலிருந்தே வடக்கே ஜோலி ஏந்தி நடந்தவர்களை என்ன செய்வது? இந்தப் பெயரில் தோளே இல்லை. தொங்கல் மட்டும்தான் இருக்கிறது.

இனித் தமிழுக்குள் வந்த வழி. தமிழ் தன் அண்டை மொழிகளிலிருந்து இந்தச் சொல்லை வாங்கியிருந்தால் அது எப்படி ஒலித்திருக்க வேண்டும்? தஞ்சையை மராத்தியர் 1676 முதல் 1855 வரை ஆண்டார்கள்; அவர்கள் வாயில் அது ‘ஜோளி’. கன்னடத்திலிருந்து வந்திருந்தால் ‘ஜோளிகெ’. இரண்டிலும் ளகரம். தமிழ் எழுத்தில் ளகரம் உண்டு. அதை லகரமாக மாற்ற எந்தத் தேவையும் இல்லை. ஆனாலும் நாம் எழுதுவது ஜோல்னா. எங்கும் ஜோள்னா இல்லை. ளகரமே இல்லாத மொழி இந்துஸ்தானி. தெலுங்கின் ஜோலெ லகரத்தோடு இருந்தாலும் அதில் ‘னா’ இல்லை.

அந்த ‘னா’தான் இரண்டாவது தடயம். இந்துஸ்தானியில் வினைப்பெயர் ‘னா’வில் முடியும்; மராத்தியில் அது ‘ணே’. அதோடு, இந்துஸ்தானியில் இந்த ‘னா’ வடிவமே பல இடங்களில் பொருளின் பெயராகவும் உறைந்துவிடுகிறது. சப்பாத்தி தேய்க்கும் கட்டை ‘பேல்னா’. தேய்த்தல் என்பதும் அதுவே. மூடி ‘டக்னா’, மூடுதல் என்பதும் அதுவே. அருவி ‘ஜர்னா’, கொட்டுதல் என்பதும் அதுவே. இந்த வரிசையில் தொங்குவதும் ஆடுவதுமான பொருளுக்கு ஜோல்னா என்ற பெயர் வெகு இயல்பாக உட்காருகிறது. முதலெழுத்தின் மூச்சொலி தமிழில் உதிர்ந்துபோனதில் வியப்பில்லை. ஜும்கி ஜிமிக்கியானபோதும் அதுதான் நடந்தது. லகரமும் ‘னா’வும் சேர்ந்து காட்டும் திசை ஒன்றே: பேச்சு இந்துஸ்தானி, அதாவது தக்கணத்து உருது.

அந்த உருது தமிழகத்துக்குப் புதிதல்ல. ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சி, குதிரைப்படை முகாம்கள், கம்பெனியின் மதராஸ் பட்டாளம், ஊர் ஊராகத் தாயிரா தட்டிப் பாடிவந்த பக்கிர்கள் என்று பல வாய்களில் அது இங்கே உலவியது. சிப்பாய், சவாரி, குல்லா, தயார் எல்லாம் அந்த வழியில் வந்து நம் வீட்டுச் சொற்களாகிவிட்டன. சுமையும் பயணமும் உடுப்பும் சார்ந்த சொற்களே இப்படி அதிகம் வந்தன. சட்டைப் பைக்கு ஜேபி என்ற பெயரும் அரபியில் பிறந்து பாரசீகம், உருது வழியாக இங்கே சேர்ந்ததுதான்.

அப்படியென்றால் தமிழனுக்குப் பை இல்லாமலா இருந்தது? ‘பை’ சங்ககாலத்துச் சொல். பாம்பின் விரிந்த படத்துக்கும் அதே பெயர். பாணர்கள் யாழையும் முழவையும் பிற கருவிகளையும் கட்டித் தூக்கிய பைக்குப் பெயர் கலப்பை. கலம் என்றால் கருவி. புறநானூற்றின் 206ஆம் பாடலில் அதியமானின் வாயிலில் காத்திருந்து சினந்த ஔவையார், கருவிகளைப் பையில் சுருக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டதாக வாயிற்காவலனிடம் சொல்கிறார். எந்தத் திசையில் போனாலும் கலைஞனுக்குச் சோறு உண்டு என்ற உறுதி அந்தப் பாட்டின் முதுகெலும்பு. அந்த உறுதியின் கையிருப்பு அந்தப் பை. எழுத்தாளனும் தோள்பையும் சேர்ந்த உருவம் தமிழுக்கு 20ஆம் நூற்றாண்டில் வந்தது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். சொல் புதியது, உறவு பழையது.

நம் பைப்பெயர்களை வரிசையாகப் பார்த்தால் மொழி எதைக் கவனித்துப் பெயர் வைக்கிறது என்பது தெரிகிறது. கலப்பையும், வெற்றிலை வைக்கும் அடைப்பையும் உள்ளடக்கத்தால் பெற்ற பெயர்கள். சிவனடியார்கள் திருநீறு வைத்திருந்த பொக்கணம் ஏந்துபவரின் கோலத்தோடு ஒட்டிய பெயர். பாட்டிகள் இடுப்பில் செருகும் சுருக்குப்பை வாயை மூடும் முறையால் பெற்ற பெயர். மஞ்சப்பை நிறத்தால். யாழ்ப்பாணத்தில் பனையோலையில் இழைத்த உமலும் கொட்டப்பெட்டியும் தனித்த பெயர்களாகவே இருக்கின்றன. கோணி என்ற நம் சாக்குப் பெயர் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொது. ஆங்கிலத்தின் ‘கன்னி பேக்’ அதிலிருந்தே போனது. எடுத்துச்செல்லும் முறையால் பெயர் பெற்றது தமிழில் தூக்கு. தூக்குச்சட்டி, தூக்குவாளி எல்லாம் நாளடைவில் வெறும் தூக்கு ஆகிவிட்டன. வினையே பாத்திரத்தின் பெயராயிற்று. ஜோல்னாவுக்கு இந்துஸ்தானியில் நடந்ததும் இதுவே.

இன்னும் நெருக்கமான இணை ஒன்று இருக்கிறது. தூங்குதல் என்ற நம் சொல்லுக்குப் பழைய பொருள் தொங்குதல், மெல்ல அசைதல். தூக்கணாங்குருவியின் பெயரில் அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. தொங்குவது அசைகிறது, அசைவது உறங்கவைக்கிறது. அதனால் தூங்குதல் உறக்கமாயிற்று. வடக்கே ஜூலா ஊசலாகவும் தெலுங்கில் ஜோல தாலாட்டாகவும் மராத்தியில் ஜோளி ஏணையாகவும் விரிந்ததை இதனோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டு மொழிக்குடும்பங்களும் கடன் எதுவும் இல்லாமலே ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. தொங்கும் துணிக்குள் முதலில் குழந்தையும் பிறகு அரிசியும் பிறகு புத்தகமும் வந்தன என்று சொல்லத் தோன்றுகிறது. வரிசைக்கு ஆதாரம் கேட்டால் தர முடியாது என்றாலும் மூன்றும் ஒரே துணி என்பதில் ஐயமில்லை.

பையின் சமூகப் பொருள் பிச்சையில் தொடங்குகிறது. நாத யோகிகள், வங்கத்துப் பாவுல் பாடகர்கள், பக்கிர்கள் எல்லாரும் ஜோலியோடு நடந்தவர்கள். சீரடி சாயிபாபா வீடு வீடாக உணவு ஏற்றதும் ஒரு துணி ஜோளியில்தான். இந்தப் பையைச் சுமப்பவர் வீடு துறந்தவர், நாளைக்கு என்று சேர்க்காதவர், ஊர் கொடுப்பதை உண்பவர். 20ஆம் நூற்றாண்டில் இந்தப் பொருளை அரசியலும் கலையும் கடன் வாங்கிக்கொண்டன. 1907இல் தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் வங்காளத்துப் பாட்டிக்கதைகளைத் தொகுத்தபோது நூலுக்குப் பாட்டியின் ஜுலி என்று பொருள்படப் பெயர் வைத்தார். தாகூர் அதற்கு முன்னுரை எழுதினார். பிச்சைக்காரன் பை கதைப்பையானது அங்கே. சாந்திநிகேதன் தோள்பையைத் துணிவேலையால் அழகுபடுத்திப் படித்தவர்களின் தோளுக்கு ஏற்றியது. காந்தி தொடங்கிய அகில இந்திய நூற்போர் சங்கம் 1925இல் பிறந்தது. தமிழகத்தில் அதன் மையம் திருப்பூர். கதர் உடுத்தியவர் கதர்ப்பை மாட்டினார். 1951இல் வினோபா பூதான நடைப்பயணம் தொடங்கியபோது உடன் நடந்தவர்களுக்கு அதைவிடத் தோதான பை இருந்திருக்க முடியாது. ஜோல்னா என்ற ஒலி தமிழுக்குப் பட்டாள வழியில் முன்பே வந்திருந்தாலும், அதற்கு இன்றைய மரியாதையைத் தந்தது இந்தக் கதர்க்காலம் என்பதே என் முடிவு.

மரியாதை எல்லா இடத்திலும் நிலைக்கவில்லை. இந்தியில் ‘ஜோலா சாப்’ என்றால் பட்டமில்லாமல் பையோடு ஊர் சுற்றி ஊசி போடும் போலி வைத்தியர். ‘ஜோலாவாலா’ என்பது களப்பணியாளர்களையும் இடதுசாரி அறிவாளிகளையும் இகழ்ந்து சொல்லும் பெயர். 2004க்குப் பின் தேசிய ஆலோசனைக் குழுவில் இருந்தவர்களை எதிர்ப்பாளர்கள் இப்படித்தான் அழைத்தார்கள். நேபாளத்தில் தலைவரின் பையைத் தூக்கித் திரியும் கட்சித் தொண்டனுக்கு ‘ஜோலே’ என்று பெயர். அதே சொல்லின் துறவுப் பொருளும் இன்னும் வலுவாக இருக்கிறது. 2016 டிசம்பரில் மொராதாபாத் கூட்டத்தில் பிரதமர் மோடி தன்னைப் பக்கிர் என்று சொல்லி, ஜோலாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்ற பொருளில் பேசியது அந்தப் பழைய பொருளை நம்பித்தான்.

தமிழில் இழிபொருள் பெரிதாக ஒட்டவில்லை என்பது எனக்கு நிறைவு தருகிறது. தொழிற்சங்க ஊழியரின் ஜோல்னாவில் துண்டறிக்கையும் சந்தா ரசீதும் ஒரு மாற்றுச் சட்டையும் இருக்கும். சிறுபத்திரிகைக்காரரின் ஜோல்னாவில் மெய்ப்புத் தாளும் விற்காத பிரதிகளும் இருக்கும். 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, தாமே பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அவர் தோளில் என்ன வகைப் பை இருந்தது என்பது முக்கியமில்லை. அப்படி நடந்தவர்களால்தான் தமிழில் அந்தப் பை உழைப்பின் அடையாளமாயிற்று. சோம்பேறியின் அடையாளமாகப் போகவில்லை.

மஞ்சப்பையோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். இரண்டும் துணிதான், விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. மஞ்சப்பைக்கு இரண்டு காது, கையில் பிடிப்பது. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கிடைப்பது, கிராமத்திலிருந்து பட்டணத்துக்கு வழக்குக்கோ வைத்தியத்துக்கோ வருபவரின் அடையாளம். தமிழக அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்ற இயக்கத்தைத் தொடங்கியபோது நெகிழிக்கு மாற்றாகத் தேர்ந்தது அதைத்தான்; ஜோல்னாவை அல்ல. சரியான தேர்வு. மஞ்சப்பை எல்லாருடையது, ஜோல்னா ஒரு வகை மனிதருடையது.

தூய தமிழில் இதைத் தோள்பை என்று சொல்லலாமே என்ற கேள்வி நியாயமானது. புணர்ச்சி விதிப்படி அது தோட்பை, முட்செடி போல. அந்த வடிவம் வழக்கில் ஏறவில்லை. தோள்பை என்றே எழுதினால், பல வட்டாரங்களின் பேச்சில் ளகரமும் லகரமும் கலந்துவிடுவதால் அது தோல்பையாகக் கேட்கிறது. கதர்ப்பை தோல்பையானால் பொருளே தலைகீழாகிவிடும். ஜோல்னா நீடித்ததற்கு இது ஒரு காரணம் என்று கருதுகிறேன். பெரிய காரணம் வேறு: தோள்பை என்பது வகைப்பெயர், பள்ளிப் பிள்ளையின் பையும் அதில் அடங்கும், ஜோல்னா என்றதும் துணியும் வெட்டும் நீண்ட வாரும் கண்முன் வருகின்றன.

இன்னொன்றையும் பாருங்கள். தமிழில் ஜோல்னா தனியாக நிற்பதில்லை. ‘பை’யைச் சேர்த்தே சொல்கிறோம். வந்த மொழியில் அது முழுப்பெயர். இங்கே அது சாரைப்பாம்பில் வரும் சாரை போல இருபெயரொட்டுப் பண்புத்தொகையின் முதற்பாதி. தொங்கல், ஆட்டம் என்ற வினைப்பொருள் நமக்குக் கேட்காததால் அது சிறப்புப்பெயராகச் சுருங்கி, பொதுப்பெயராகிய பையைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டது. இலக்கணப்படி ஒற்று மிகுந்து ‘ஜோல்னாப் பை’ என்று எழுதுவதே முறை. அச்சில் பெரும்பாலும் ஒற்றில்லாமலே வருகிறது.

இப்போது மடிக்கணினி தூக்கும் தலைமுறையின் முதுகில் வேறு பைகள் ஏறிவிட்டன. ஜோல்னா கதர்க்கடைகளிலும் புத்தகக் காட்சிகளிலும் மாநாட்டுப் பந்தல்களிலும் தன் இடத்தை வைத்திருக்கிறது. கடைவீதியில் ஒற்றை வாரோடு இடுப்பருகே தொங்கும் சிறு பையை இளம்பெண்கள் கேட்டு வாங்கும் பெயர் ‘ஸ்லிங் பேக்’. ஆங்கிலத்தில் ஸ்லிங் என்றால் தொங்கவிடும் வார். பர்மியர்கள் தங்கள் ஷான் பையை அழைக்கும் ‘ல்வே எய்க்’ என்ற பெயரிலும் முதற்பாதி தோளில் தொங்கவிடுதல், பின்பாதி பை. தோளில் மாட்டும் பைக்குப் பெயர் தேடிய மூன்று மொழிகள் தோளைவிடத் தொங்கலையே பார்த்திருக்கின்றன.